சிறிய பாய்மரப் படகு டிரெய்லருக்கு எடை குறைந்த சாமான் பெட்டி: எந்தப் பொருளில், எந்த இடத்தில்?

பசுமலை பாய்மரம்:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வசிக்கும் என்னிடம் லேசர் என்னும், ஒருவரே ஓட்டும் சிறு பாய்மரப் படகு ஒன்று உள்ளது. அதனை டிரெய்லரில் ஏற்றிச் சிறிய காரின் பின்னால் பூட்டி, மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக மண்டபம் கொண்டுசென்று, பாக் விரிகுடாப் பக்கத்துக் கரையில் கடலில் இறக்குவது என் வழக்கம். படகின் உடல் ஏறக்குறைய 59 கிலோதான் என்பதால் கார் அதனைச் சிரமமின்றி இழுத்துவிடுகிறது. ஆனால் சுக்கான், படகு பக்கவாட்டில் நகராமல் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகை, கயிறுகள், கப்பிகள், உயிர்காப்பு மேலங்கிகள், கருவிப் பை, தண்ணீர்க் குடுவைகள் என உடன் வரும் சாமான்கள் பின் இருக்கை முழுவதையும் அடைத்துக்கொள்கின்றன. திரும்பும்போது அவை அனைத்தும் உப்புநீர் சொட்டச் சொட்டக் காருக்குள் வருவதால், இருக்கைத் துணியும் அதன் அடியில் உள்ள இரும்பும் கெடத் தொடங்கியுள்ளன.

ஆகவே டிரெய்லரிலேயே பூட்டக்கூடிய ஒரு பெட்டியைச் செய்துகொள்ள விரும்புகிறேன். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் போதும் என்று கணக்கிட்டிருக்கிறேன். பட்டறையில் விசாரித்தபோது 16 கேஜ் (ஏறக்குறைய 1.6 மி.மீ.) இரும்புத் தகட்டில் செய்யலாம் என்றார்கள். அந்தத் தகட்டின் பரப்பையும் தடிமனையும் வைத்துப் பார்த்தால் வெறும் பெட்டியே 30 கிலோ வருகிறது. அது படகின் எடையில் பாதி. 12 மி.மீ. பிளைவுட்டில் சட்டம் கட்டிச் செய்தாலும் 20 கிலோவைத் தாண்டும் போலிருக்கிறது.

பெட்டியை டிரெய்லரின் முன்பக்கத்தில், ஹிட்ச்சை, அதாவது காரோடு பூட்டும் இணைப்பை, ஒட்டியுள்ள இழுவைத் தண்டின் மேல் வைக்க எண்ணியிருக்கிறேன். அங்கேதான் இடம் காலியாக இருக்கிறது. எந்தப் பொருளில் செய்தால் எடை குறையும், மழையும் புழுதியும் உள்ளே புகாமல் இருக்க மூடியை எப்படி அமைக்க வேண்டும், நான் நினைத்திருக்கும் இடம் சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மண்டபம் கரை:

வணக்கம் ஐயா. பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் இடத்தை முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் சொல்லும் இடத்தில் எவ்வளவு இலேசான பெட்டியை வைத்தாலும் அது சுமையாகவே இருக்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் டிரெய்லரின் ஹிட்ச்சுக்கும் சக்கர அச்சுக்கும் இடையே 3 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியும் சாமானும் சேர்ந்து 40 கிலோ. அதை ஹிட்ச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்தால், 40 கிலோவில் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 33 கிலோ, நேராகக் காரின் பின்புறத்தில் இறங்கும். அதே பெட்டியை அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் வைத்தால் காரின் மேல் ஏறுவது 7 கிலோவுக்கும் குறைவு; மீதியைச் சக்கரங்கள் சுமக்கும். டிரெய்லர், படகு, பாய்மரம், பெட்டி எல்லாம் சேர்ந்து 260 கிலோ வருமானால், ஹிட்ச்சின் மேல் அழுத்தம் 13 முதல் 26 கிலோவுக்குள் இருப்பது நல்லது. மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. முன்பக்கப் பெட்டி ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடும். சிறிய காரில் பின்புறம் தாழ்ந்தால் முன்சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது, முகப்பு விளக்கு எதிரில் வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது, வேகத்தடைகளில் ஹிட்ச் தரையில் உரசுகிறது.

அதற்காகப் பெட்டியை அச்சுக்குப் பின்னால் தள்ளிவிடவும் கூடாது. அங்கே வைத்தால் ஹிட்ச்சின் அழுத்தம் குறைந்து, வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் தொடங்கிவிட்டால் அடக்குவது கடினம். அச்சுக்குச் சற்று முன்னால், படகின் அடிப்பகுதிக்குக் கீழே, டிரெய்லர் சட்டத்தின் இரு நீள இரும்புச் சேனல்களுக்கும் இடையில் அமைவதே சிறந்த இடம். அங்கே 40 செ.மீ. உயரம் கிடைக்காது. எனவே பெட்டியைத் தட்டையாக்கி, 120க்கு 60 என்ற அளவில், 28 செ.மீ. உயரத்தில் செய்யுங்கள்; கொள்ளளவு ஏறக்குறைய 200 லிட்டர் வரும், உங்கள் பழைய அளவைவிட அது சிறிது குறைவுதான். பெட்டியின் அடி எக்காரணம் கொண்டும் அச்சின் மட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது, நம் ஊர் வேகத்தடைகள் எல்லாம் ஒரே உயரத்தில் கட்டப்பட்டவை அல்ல.

ஹிட்ச் அழுத்தத்தை அளக்க எந்தப் பட்டறைக்கும் போக வேண்டியதில்லை. சமதரையில் டிரெய்லரைக் கழற்றி நிறுத்தி, உடல் எடை பார்க்கும் தராசை வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, காரில் பூட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் ஹிட்ச்சை அதன் மேல் இறக்கினால் போதும். படகும் சாமானும் ஏற்றிய நிலையில் அளக்க வேண்டும்.

உயிர்காப்பு மேலங்கிகளுக்கு எடை இல்லை, பருமன் மட்டுமே உண்டு. அவற்றைக் காரில் விட்டுவிட்டால் பெட்டியை இன்னும் சிறிதாக்கலாம். உதிரிச் சக்கரத்தைப் பெட்டிக்குள் வைக்க எண்ணாதீர்கள், அதற்குச் சேனலில் தனியாக ஒரு போல்ட் போதும்.

ஆனையூர் தச்சர்:

மண்டபத்து நண்பர் சொன்ன அளவிலேயே நான் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். பிளைவுட் என்றதும் 12 மி.மீ. என்று நினைத்துவிடுவது, ரீப்பர் சட்டம் கட்டி, அதன் மேல் ஆணியும் திருகாணியும் அடிக்கும் பழக்கத்தால் வருவது. திருகாணி பிடிக்கத் தடிமன் வேண்டும். பெட்டிக்கு அந்தத் தடிமன் தேவையே இல்லை. படகு கட்டுபவர்கள் பயன்படுத்தும் தைத்து ஒட்டும் முறையில் செய்தால் 4 மி.மீ. பிளைவுட் போதுமானது. இங்கிலாந்தில் 1960களில் வெளிவந்த மிரர் என்னும் சிறிய பாய்மரப் படகு இம்முறையில் செய்யப்பட்டு, வீட்டுக் கொட்டகையிலேயே ஆயிரக்கணக்கானோர் படகு கட்ட வழி திறந்தது. காற்றையும் அலையையும் தாங்கும் படகுக்குப் போதுமான முறை, கயிறும் கப்பியும் வைக்கும் பெட்டிக்குத் தாராளமாகப் போதும்.

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டையே கேட்டு வாங்குங்கள்; 72 மணி நேரம் கொதிநீரில் இட்டாலும் அதன் பசை விடக் கூடாது என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. ஐயமிருந்தால் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி வாங்கி, வீட்டில் சில மணி நேரம் கொதிக்க வைத்து, அடுக்குகள் பிரிகின்றனவா என்று பார்த்துவிடலாம். 120க்கு 60 அளவில் இரண்டு, 120க்கு 28 அளவில் இரண்டு, 60க்கு 28 அளவில் இரண்டு என ஆறு பலகைகளும் 8 அடிக்கு 4 அடித் தாள் ஒன்றிலேயே அடங்கிவிடும். மீதமாகும் துண்டுகளை 5 செ.மீ. அகலப் பட்டிகளாக அறுத்து, அடிப்பலகையின் உட்புறத்தில் குறுக்காக ஒட்டிவிடுங்கள். அடி தொய்யாமல் இருக்கும், ஈரச் சாமானும் பலகையின் மேல் நேராகப் படியாமல் பட்டிகளின் மேல் நிற்கும்.

பலகைகளின் விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளி, 10 செ.மீ.க்கு ஒன்றாகச் சிறு துளைகள் இட்டு, மெல்லிய செம்புக் கம்பியால் தைத்து முறுக்கினால் பெட்டி தானாக எழுந்து நிற்கும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கின்றனவா என்று அளந்து பார்த்து, பிறகே ஒட்டத் தொடங்க வேண்டும். ஒட்டிய பின் கோணலைத் திருத்த முடியாது. எபாக்சியில், அதாவது இரு பகுதிகளைக் கலந்ததும் இறுகும் ரெசின் பசையில், சலித்த மெல்லிய மரத்தூளைச் சேர்த்து, இட்லி மாவைவிடக் கெட்டியான பதத்தில் குழைத்து, உள் மூலை நெடுகப் பூசி, வளைந்த விளிம்புள்ள ஒரு தகட்டால் இழுத்தால் மூலை குழிவாக வடிவெடுக்கும். அது இறுகிய பின் கம்பிகளை வெட்டி எடுத்து, வெளி விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து, உள்ளும் புறமும் 5 செ.மீ. அகலக் கண்ணாடி இழை நாடாவை எபாக்சியில் ஊறவைத்து ஒட்டுங்கள். பெட்டியின் வலிமை முழுவதும் இந்த மூலைகளில்தான் இருக்கிறது. பலகை மெலிந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் மூலை வேலையில் நேரம் செலவிடுங்கள்.

நம் வெயிலில் எபாக்சி வேலைக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு. சித்திரை வைகாசியில் ஒரே குவளையில் நிறையக் கலந்தால், அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கட்டியாகிவிடும். ஒரு தடவைக்கு 100 கிராம் அளவில், அகன்ற தட்டில் பரப்பிக் கலக்க வேண்டும். மேற்பூச்சை மாலையில், வெப்பம் இறங்கத் தொடங்கிய பிறகு இடுங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சின் மேல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். வெப்பம் இறங்கும் வேளையில் மரம் பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். அறுத்த விளிம்புகளுக்கு மட்டும் மூன்று தடவை பூச வேண்டும், ஏனென்றால் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் அங்கேதான். இறுகிய பின் தண்ணீர் விட்டுத் துடைத்து, தேய்த்து, வெள்ளை நிறப் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். எபாக்சி நீருக்கு அஞ்சாது. வெயில் மட்டும் பட்டால் மஞ்சளாகி மாவாக உதிரும்.

இவ்வாறு செய்தால் கீல், கொண்டி எல்லாம் சேர்த்துப் பெட்டி 10 கிலோ அளவில் நிற்கும்.

கப்பலூர் ஃபைபர்:

தச்சர் ஐயா சொன்ன முறை நல்ல முறை. நான் ஃபைபர் வேலை செய்பவன் என்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

20 மி.மீ. தடிமனுள்ள எக்ஸ்.பி.எஸ். (தெர்மாக்கோல் இனத்தைச் சேர்ந்த, அதைவிட அடர்த்தியான) நுரைப் பலகையின் இரு பக்கமும் 200 கிராம் கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் ஒட்டினால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிலோதான் வரும். அதே பரப்புக்கு 4 மி.மீ. பிளைவுட் 2.6 கிலோ, 1.5 மி.மீ. அலுமினியத் தகடு 4 கிலோ. விறைப்பில் நுரைப் பலகையே மேலானது. ஆனால் கூர்மையான சாமான் விழுந்தால் மேல்தோல் பொத்துக்கொள்ளும்; டிரெய்லரின் உதறலில் ஸ்பேனரும் ஷேக்கிள் என்னும் இரும்புக் கொளுவிகளும் உருண்டுகொண்டே வரும் பெட்டிக்கு அடியும் பக்கமும் பிளைவுட்டாக இருப்பதே நல்லது. முழுப் பெட்டியையும் நுரையில் செய்து நீங்கள் மிச்சப்படுத்துவது சில கிலோதான், அச்சுக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் பெட்டிக்கு அது பெரிய இலாபமல்ல.

மூடிக்கு மட்டும் நான் நுரையைப் பரிந்துரைப்பேன். 120க்கு 60 அளவுள்ள 4 மி.மீ. பிளைவுட் மூடி, மேலே வெயிலும் உள்ளே ஈரமுமாக இருந்தால் நாளடைவில் வளையும். வளைந்த மூடியில் எந்த ரப்பரும் சரியாக அமராது. நுரை மூடி வளையாது, ஒரு கையால் தூக்கலாம், வெயில் சூட்டையும் உள்ளே விடாது. கீலும் கொண்டியும் வரும் இடங்களில் மட்டும் நுரையை வெட்டி எடுத்துவிட்டு, பிளைவுட் துண்டைப் பதித்து, அதன் பிறகு துணி ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் திருகாணி நுரையில் நிற்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். கடற்கரைப் பகுதியில் ஃபைபர் வள்ளங்களுக்குப் பயன்படுத்தும் சாதாரண பாலியெஸ்டர் ரெசினை தெர்மாக்கோல் மேலோ எக்ஸ்.பி.எஸ். மேலோ ஊற்றினால், ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அந்த நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். இந்த நுரைகளுக்கு எபாக்சி மட்டுமே பொருந்தும். பாலியெஸ்டர்தான் கிடைக்கிறது என்றால் பி.யூ. நுரைப் பலகையை வாங்குங்கள். அதேபோல், வள்ளத்துக்கு இடும் சாப்டு மேட் (வெட்டிய கண்ணாடி இழைகளாலான விரிப்பு) எபாக்சியில் நன்றாக ஊறாது, அதன் இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள் ஸ்டைரீனில்தான் கரையும். நெய்த துணியையே கேளுங்கள். பாலியெஸ்டர் வேலை செய்ய நேர்ந்தால், ரெசினை இறுகச் செய்யச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும்.

பசுமலை பாய்மரம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டியும் அடியும் 4 மி.மீ. பிளைவுட்டிலும், மூடி நுரைப் பலகையிலும் என முடிவு செய்துவிட்டேன். இடத்தைப் பற்றி மட்டும் மண்டபத்து நண்பரிடம் ஒரு கேள்வி உள்ளது. படகை இறக்கும்போது சக்கரங்கள் பாதி மூழ்கும் வரை டிரெய்லரைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறேன். அப்படியானால் அச்சுக்கு அருகில் இருக்கும் பெட்டியும் நனையுமே? மேலும், இரும்புச் சேனலில் இவ்வளவு மெல்லிய பெட்டியை எப்படிப் பிணைப்பது என்பதையும் தச்சர் ஐயா விளக்க வேண்டுகிறேன்.

மண்டபம் கரை:

நல்ல கேள்வி ஐயா, நனைவதைவிடப் பெரிய ஆபத்து அதில் இருக்கிறது. 200 லிட்டர் கொள்ளளவுள்ள, நீர் புகாத பெட்டி முழுவதும் மூழ்கினால், கடல்நீர் அதனை 200 கிலோவுக்கும் மேற்பட்ட விசையால் மேலே தள்ளும். பாதி மூழ்கினாலும் 100 கிலோ. படகு மிதந்து விலகிய பின் வெறும் டிரெய்லரைக் கரைக்குத் திருப்பும் நேரத்தில், அந்த விசை பெட்டியைப் பிய்த்துக்கொண்டு போகலாம், அல்லது டிரெய்லரையே தூக்கி அலையில் புரட்டலாம்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, டிரெய்லரைத் தண்ணீரில் இறக்காமலே இருப்பது. 59 கிலோ படகை இரு கையால் தள்ளும் சிறு தள்ளுவண்டியில் வைத்து இறக்குவதே எளிது. அகன்ற டயர் பூட்டிய தள்ளுவண்டி எங்கள் கரையின் மணலில் புதையாமல் ஓடும், டிரெய்லரின் பேரிங்கும் உப்புநீரிலிருந்து தப்பும். நான் இதையே வலியுறுத்துவேன். தள்ளுவண்டி இல்லாத வரை, பெட்டியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு டிரெய்லரை இறக்குங்கள். சாமானை எடுத்துவிட்டால் 10 கிலோ பெட்டியை ஒருவரே தூக்கலாம். எடை குறைத்ததன் பயன் சாலையில் தெரிவதைவிட இங்கேதான் அதிகம் தெரியும்.

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரை மணல் பறந்து எல்லாக் கீல்களிலும் அடைத்துக்கொள்ளும் என்பதையும் மனதில் வையுங்கள். எண்ணெய் இட்டால் மணல் இன்னும் ஒட்டும். நல்ல தண்ணீரால் கழுவிவிடுவதே போதும்.

ஆனையூர் தச்சர்:

கழற்றி மாட்டும் பெட்டி என்பதால் பிணைப்பை அதற்கேற்ப அமைக்கலாம். டிரெய்லரின் குறுக்குச் சட்டங்கள் இரண்டின் மேல் 25 மி.மீ. அலுமினியக் கோணத்தில் இரண்டு இருக்கைகளை யூ போல்ட்டால் நிரந்தரமாகப் பூட்டிவிடுங்கள். இடையில் பழைய டியூப் ரப்பரைக் கொடுத்தால் அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டு அரிக்காது, உதறலும் குறையும். இந்த யூ போல்ட்டுகளுக்கு உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு அவசியம், சாதாரண நட்டு பரமக்குடி தாண்டுவதற்குள் தளர்ந்திருக்கும். பெட்டி அந்த இருக்கைகளின் மேல் உட்கார, நான்கு மூலையிலும் ஒவ்வொரு போல்ட்டும் சிறகு நட்டும் வந்தால் கையாலேயே கழற்றலாம். சிறகு நட்டின் கீழ் ஸ்பிரிங் வாஷர் இடவும், இடைவழியில் நிறுத்தும்போதெல்லாம் கையால் முறுக்கிப் பார்க்கவும். உதறலை நட்டுகள் மட்டும் தாங்காமலிருக்க, பெட்டியின் மேல் குறுக்காக ஒரு ராட்செட் பட்டையையும் இழுத்துக் கட்டுங்கள்.

போல்ட் வரும் இடங்களில் உட்புறம் 12 மி.மீ. பிளைவுட் துண்டை ஒட்டி, அகன்ற வாஷர் கொடுங்கள். துளையை முதலில் பெரிதாக இட்டு, எபாக்சிக் குழைவால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் போல்ட் அளவுக்குத் துளையிட்டால், தண்ணீர் மரத்தைத் தொடவே முடியாது. இதைச் செய்யாத பெட்டிகள் எல்லாம் போல்ட் துளையிலிருந்துதான் அழுகத் தொடங்குகின்றன.

மூடி பெட்டியின் வாயின் மேல் வெறுமனே உட்காரக் கூடாது. நான்கு பக்கமும் 3 செ.மீ. கீழே இறங்கி, பெட்டியின் சுவரை வெளியிலிருந்து மூட வேண்டும். மழைநீர் அதன் விளிம்பிலேயே சொட்டிவிடும். புழுதி அப்படியன்று. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புழுதி சுழன்று டிரெய்லரின் மேல் படிகிறது, சிறிய இடுக்கு இருந்தாலும் உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே வாய் விளிம்பு முழுவதும் கார் கதவுக்கு இடும் பீடிங் ரப்பரை இடைவெளியின்றி ஒட்டி, அதன் இணைப்பைக் கீல் பக்கத்தில் வருமாறு வையுங்கள். கீல் முன்பக்கம், அதாவது கார் இருக்கும் பக்கம் இருக்க வேண்டும். கொண்டி தற்செயலாகத் திறந்துகொண்டாலும் எதிர்காற்று மூடியை அழுத்தி மூடும். இழுத்துப் பூட்டும் டாகிள் கொண்டி இரண்டு போதும், ஒன்றில் பூட்டு மாட்டும் துளை இருக்கட்டும்.

இவ்வளவு இறுக்கமாக மூடிய பெட்டிக்குள் ஈரக் கயிற்றை வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அடியின் நான்கு மூலையிலும் 12 மி.மீ. வடிகால் துளையிட்டு, குளவியும் பல்லியும் நுழையாமல் துருப்பிடிக்காத வலையை ஒட்டிவிடுங்கள். சாலையில் போகும்போது அவற்றுக்கு ரப்பர் அடைப்பான் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, அடைப்பான்களை எடுத்துவிட்டு, மூடியை ஒரு சிறு கட்டையால் திறந்து நிறுத்தி, சாமான் எல்லாம் உலர்ந்த பிறகே மூடுங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் பெட்டியை டிரெய்லரில் ஒருமுறை பொருத்தி, படகை ஏற்றி, மூடி முழுவதும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். படகின் அடி இடித்தால், மூடியை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து நடுவில் கீல் கொடுக்க வேண்டியிருக்கும். அதை மூடிக்கு நுரைப் பலகை வெட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.